ஒன்பது நாள் வாங்கிய தந்திகள்

வெர்னா மறுநாள் காலை நெவாடா பாலைவனத்துக்குப் புறப்படுவதாக இருந்தாள். வயது எழுபத்திரண்டு. இதயம் பாதிதான் வேலை செய்கிறது. துணைக்கு யூடியூபில் கத்திப் பிழைக்கும் நாலு கிறுக்கர்கள். ஐம்பது வருடத்துக்கு முன் அவள் கணவன் டேலோடு கடலுக்குள் போய்த் திரும்பாத 'பர்பட்' நீர்மூழ்கியைக் கடற்படை ரகசியமாக விண்கலமாக்கிவிட்டதாம். இந்த வாரம் அது பாலைவனத்தில் இறங்குமாம்.

"அம்மா உயிரு வழியிலயே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள் அவள் மகள் சிக்னி போனில். "என் பேச்சு எடுபடல. நீங்க கடற்படையில இருந்தவர். வந்து உண்மையச் சொல்லுங்க, ஆர்வில்."

நல்ல ஆளைப் பிடித்தாள். அந்தக் கிறுக்கர்களிடம் உள்ள ஒரே உருப்படியான சாட்சியமே நான் பார்த்த வேலைதான்.

அப்போது நான் கடற்படைத் தளத்தில் குமாஸ்தா. நீர்மூழ்கியில் ரோந்து போனவர்களுக்கு மனைவிமார் எழுதும் குடும்பத் தந்திகளை வாங்கி அனுப்புவேன். இருபது சொல்தான். கெட்ட செய்தி இருந்தால் அந்த வரியை வெட்டிவிடுவேன். கப்பல் கேட்டுக்கொள்ளும், இருக்குமிடம் தெரிந்துவிடும் என்று பதில் பேசாது. சத்தமில்லை என்றால் புருஷன் நலம் என்று அந்தப் பெண்கள் பழகியிருந்தார்கள்.

பர்பட் நொறுங்கும் சத்தம் கடலடிக் கருவிகளில் பதிவானது. ஒன்பது நாள் மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு. அந்த ஒன்பது நாளும் தந்திகளைச் சிரித்த முகத்தோடு வாங்கினேன். கப்பல் மூழ்கியிருந்தால் ஏன் வாங்கினார்கள், எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருந்ததால்தானே என்கிறார்கள் இப்போது அந்தக் கிறுக்கர்கள். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் வெர்னா, பிரசவம் முடிந்து இரண்டே நாள், மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டையோடு.

அன்று நான் வீட்டுக்குப் போனபோது அவள் டேலுக்காகக் கம்பளிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். சிக்னி சுவரோரம் கையைக் கட்டி நின்றாள்.

"வாய்யா, சர்க்கார் ஒற்றா! மேல குளிருமா குளிராதா, நீயே சொல்லு," என்றாள் வெர்னா.

"அம்மா, போதும்," என்றாள் சிக்னி. "நீங்க சொல்லுங்க ஆர்வில்."

சொன்னேன். "அந்த ஒன்பது நாள்ல ஒரு தந்தியையும் நான் அனுப்பல, வெர்னா. அனுப்ப கப்பலே இல்ல. தினம் சாயங்காலம் எல்லாத்தையும் எரிச்சேன். பொண்ணு, ஏழு பவுண்டு, உங்க மூக்குன்னு நீ டேலுக்கு எழுதினதையும்தான்."

வெர்னா என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

சிக்னி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். விண்கலத்தை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தவள், அந்தத் தந்தியை மட்டும் கேலியில் சேர்த்ததே இல்லை.

"அப்ப... நான் பொறந்தது அப்பாவுக்குத் தெரியாதா?"

ஐம்பது வயதுப் பெண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

வெர்னா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"கப்பல் முழுகிப்போச்சுன்னா தந்தியும் போகலன்னு எனக்குத் தெரியாதா ஆர்வில்? இவ இந்தக் கேள்வியக் கேட்டுடக் கூடாதேன்னுதான் கப்பல மேல பறக்கவிட்டேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். இனி எங்க போய் அவரப் பாப்பேன்?"

காலையில் கிறுக்கர்களின் வேன் வந்து வெகுநேரம் ஹார்ன் அடித்ததாம். வெர்னா கதவைத் திறக்கவில்லை. டாக்டருக்குத் திருப்தி. எனக்குத்தான், அவளைப் பாலைவனத்துக்கே விட்டிருக்கலாம் என்று இருக்கிறது.