புகார் வராத காலை

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் ஆப், ஒரு வாடிக்கையாளரைக் கல்யாண வரன் தேடும் ஆப்புக்குள் கொண்டுபோய் விட்டது. 'பராமரிப்புத் தேதி' பக்கத்தில் மின்னிய ஒரு விளம்பரத்தை அவர் தொட்டிருந்தார். வயது எழுபத்திரண்டு. பக்கத்தில் மனைவி இருந்தார்.

மறுநாளே விசாரணை. ஆப்பை எழுதியவள் மேனேஜரின் மனைவிக்குத் தங்கை. ஆபீசில் அவளுக்குப் பூட்டுக்காரி என்று பெயர். தண்ணீர் டம்ளர் வைக்கும் அலமாரியைக்கூடப் பூட்டுவாள்.

"அத்தான், நம்ம ஆப் வேற எந்த ஆப்பை வேணும்னாலும் திறக்கலாம்னு ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கோம். வர்றவன் போறவனுக்கெல்லாம் கதவு திறந்து கெடக்கு. அதைத் தூக்கிட்டு, எதெதைத் திறக்கலாம்னு பட்டியல் போடறேன்."

"போடு. ஆனா ஒரு பட்டன் வேலை செய்யலைன்னாலும் நட்சத்திரம் திரும்ப வரும். ஆப்பும் வெளியாள் கைக்குப் போயிடும். அப்புறம் உங்கக்காகிட்ட போய் அழக்கூடாது."

"அக்காகிட்ட அழறது நீங்கதான்."

பதில் சொல்லிவிட்டாளே தவிர, ஆப்பை இழக்க அவளுக்கு மனமில்லை. இரண்டு வருட உழைப்பு. வம்பே வேண்டாம் என்று ஒரு சட்டம் வைத்தாள்: யாராவது வாய்திறந்து கேட்டால்தான் பட்டியலில் ஒரு வரி ஏறும், பக்கத்தில் கேட்டவர் யார் என்றும் எழுதப்படும். மெக்கானிக் மேப் கேட்டார். வரவேற்பில் இருக்கும் அம்மாள் ஈமெயில் கேட்டார். மேனேஜர் ஒரு சீட்டாட்டம் கேட்டார், கிடைக்கவில்லை.

சிம் இல்லாத பழைய டேப்லெட்டில் சோதித்தாள். மேப் திறந்தது. ஈமெயில் திறந்தது. வரன் தேடும் ஆப் திறக்கவில்லை. திருப்தியாக வெளியிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் போன் வாயைத் திறக்கவில்லை.

"பாத்தியா? பத்து மணியாச்சு, ஒரு புகார் இல்ல. உன் கை ராசியான கை," என்றார் மேனேஜர்.

பதினொன்றுக்கு மெக்கானிக் கருவிப் பையோடு வந்து உட்கார்ந்தார். "என்னங்க இது, எல்லா லிஃப்டும் ஒரே நாள்ல திருந்திடுச்சா?"

"தரமான பராமரிப்புய்யா!" என்ற மேனேஜர், அதை முதலாளியிடம் நேரில் சொல்ல ஐந்தாம் மாடிக்குக் கிளம்பினார்.

இருபது நிமிடம் கழித்து லிஃப்ட் பக்கம் தடதடவென்று சத்தம். பூட்டுக்காரியும் மெக்கானிக்கும் மூன்றாம் மாடிக்கு ஓடினார்கள். லிஃப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம், சொந்த லிஃப்டுக்குப் பராமரிப்புத் தேதி தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அத்தான், நீங்களா?"

"இல்ல, பேய்! முப்பது தடவை அமுக்கிட்டேன், பட்டன் செத்த பாம்பு மாதிரி கெடக்கு!"

"எந்தப் பட்டன்?"

"ஆப்ல, ஆபீசைக் கூப்பிடற பட்டன்!"

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேனே! உன் போன் எங்க?"

"அலமாரியில பூட்டி வச்சிருக்கேன்."

மெக்கானிக் லிஃப்டைக் கையால் இறக்க மேலே மெஷின் அறைக்கு ஏறினார்.

அவளுக்கு விஷயம் உறைத்தது. போன் பேசுவதும் வேறொரு ஆப்தான்; அது பட்டியலில் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை, சிம் இல்லாத டேப்லெட்டில் அவளும் அதைச் சோதிக்கவில்லை. சாப்பிட உட்காருபவர் தண்ணீரையும் தனியாகவா கேட்பார்? காலையிலிருந்து வாடிக்கையாளர்கள் அந்தச் செத்த பட்டனைத்தான் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கீழே ஓடி, ஆபீஸ் நம்பரை எல்லாருக்கும் குறுஞ்செய்தியில் அனுப்பிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பினாள்.

"நட்சத்திரத்தைப் போடு, இப்பவே!" என்றது லிஃப்ட்.

"போட்டா போனும் வேலை செய்யும், அந்தப் பெரியவருக்கு மறுபடி பொண்ணும் பாக்கும். அவர் வீட்டம்மாகிட்ட நீங்க பேசறீங்களா?"



"போன் மட்டும் போதும்."

"நீங்க கேட்டதா எழுதிக்கவா?"

"எழுதித் தொலை!"

லிஃப்ட் மெல்ல இறங்கி மூன்றாம் மாடியில் திறந்தது. வெளியே வந்த மேனேஜர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, முதலாளியைப் பார்க்காமலே படியிறங்கினார். ஆபீஸ் போன் அதற்குள் அலறிக்கொண்டிருந்தது. எடுத்தார். "ஆமாங்க... மன்னிக்கணுங்க... எத்தனாவது மாடி?"

எழுதத் துண்டுக் காகிதம் தேடினார். சட்டைப் பையில், ஆப்பை ஒப்படைக்கப் பார்த்து வைத்திருந்த வெளியாளின் விசிட்டிங் கார்டுதான் அகப்பட்டது. அதைத் திருப்பி, பின்பக்கம் ஏழு என்று எழுதி மெக்கானிக்கிடம் நீட்டினார்.