ஒரே சட்டிக் கறி

பறைமேளம் வாசலுக்கு வருமுன்னே இரத்தினமாமி ஒப்பாரியில் கொலைப்பழியைக் கட்டிவிட்டாள். "காளான் கறி திண்டெல்லோ கண்மூடினாய் என்ட தம்பி!" தகப்பன் இளையதம்பியின் தலைமாட்டில் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கம்சாயினியின் கை அப்படியே நின்றது.

நேற்றுப் பின்னேரம் வயல்வட்டைக்குப் போன இளையதம்பி வரப்பிலேயே சரிந்துவிட்டார். மாரடைப்பு என்று ஆசுபத்திரியில் சொல்லியாயிற்று. ஆனால் மத்தியானம் மகள் வளர்த்த காளானைத் தின்றாரே, கிரான் ஊர்ச் சனத்துக்கு அது போதாதா!

"அந்தக் காளான் கொட்டிலைப் பிரிச்செறியுங்க. இன்னொரு உயிர் போகோணுமா?" என்று மாமி எழும்ப, ரெண்டு பேர் கத்தியோடு புறப்பட்டும் விட்டார்கள்.

கம்சாயினி தாயைப் பார்த்தாள். இலட்சுமிப்பிள்ளை புருசனின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஊர் என்னத்தையும் சொல்லட்டும், அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாளா? கம்சாயினி விறுவிறென்று கொட்டிலுக்குப் போய், ஒரு பையிலிருந்து காளான் குலையைத் திருகி எடுத்துவந்து சனத்தின் நடுவே நீட்டினாள்.

"பாருங்க மாமி. இது மழைக்குத் தானா முளைச்சதில்ல. வைக்கோலை அவிச்சு, வித்து வாங்கி நான் போட்டது. பைக்குள்ள பஞ்சு மாதிரி வெள்ளை நூல் ஓடிக்கிடக்கே, அதுதான் காளான்ட உடம்பு. வெளிய வாறது அதுட காய். குடைக்குக் கீழ இந்த மடிப்பு காம்பு வரைக்கும் இறங்குது. சில நச்சுக் காளானில இருக்கிற மாதிரி காம்பில வளையமும் இல்ல, அடியில உறையும் இல்ல. காட்டுல கிடந்தா இதை மட்டும் பார்த்துட்டு நானும் திண்ண மாட்டன். இது என்ட கையால வளர்ந்தது."

"பெரிய டாக்குத்தர்!" என்றாள் மாமி.

"ஒரே சட்டிக் கறி மாமி. நானும் திண்டன், அம்மாவும் திண்டா. கொட்டில்ல கை வைக்கிற ஆள் முதல்ல அதுக்குப் பதில் சொல்லட்டும்."

புறப்பட்ட இருவரின் கத்தி வேலியில் சாய்ந்தது. அம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. கம்சாயினிக்கு அதுதான் தாங்கவில்லை.

பாடை போனது. சனம் கலைந்தது. துடக்கு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று பக்கத்து வீட்டார் சோறு கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறிக்கொண்டிருந்தது.

கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு வந்த இலட்சுமிப்பிள்ளை மகளுக்கு முன்னால் நின்றாள்.

"கொப்பா ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவர் புள்ள. எவ்வளவு ருசியாத் திண்டார்."

பகல் முழுக்க வராத அழுகை கம்சாயினிக்கு அப்போதுதான் வந்தது.

"இண்டைக்குப் பைகளுக்குத் தண்ணி தெளிச்சியா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள்.

இலட்சுமிப்பிள்ளை ஈரச்சீலைத் தலைப்பைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து கொட்டிலுக்குள் போனாள்.