குறைச்சலான பென்ஷன்

ஓய்வு பெறப்போகிறவர்களுக்கு யோசனை சொல்ல என்றே கம்பெனி ஒரு இளம்பெண்ணை நியமித்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் சின்ன அறை. ஏசிக் காற்று நேராக மெக்கானிக்கின் மனைவி மேலேயே வந்து விழுந்தது. போன வருஷம் மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்கு இடது கை வீங்கும். குளிர் பட்டால் குடையும். வாயைத் திறந்து சொல்வாளா? மாட்டாள். கையை மடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக், பஸ் டிப்போவில் எஞ்சினுக்கு அடியில் படுத்தே காலத்தை ஓட்டியவர். அடுத்த மாதம் ஓய்வு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததையெல்லாம் ஆஸ்பத்திரி விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. மிச்சம் இந்தப் பென்ஷன்தான்.

"ரெண்டு வழி இருக்கு சார்," என்றாள் அந்தப் பெண். "முதலாவதுல மாசாமாசம் நெறைய வரும். ஆனா உங்களோட நின்னுடும். ரெண்டாவதுல கால்வாசி குறையும். ஆனா உங்களுக்கு அப்புறமும் அம்மாவுக்கு வந்துக்கிட்டே இருக்கும். எதுன்னாலும் அம்மாவும் கையெழுத்துப் போடணும். போட்டா அப்புறம் மாத்த முடியாது."

மெக்கானிக்கின் மனைவி புருஷன் முகத்தையே பார்த்தாள். ரெண்டாவது என்று அவர் சொல்லிவிட்டால் போதும். டாக்டர் பிடி கொடுக்காமல் விட்டதை, மகன் போனில் மழுப்புவதை, கட்டின புருஷன் வாயால் கேட்ட மாதிரி ஆகிவிடும். நீ இருப்பாய் என்று. பணமா பெரிசு? அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பாவி மனசு கிடந்து தவித்தது.

"முதலாவதே போடும்மா," என்றார் அவர். யோசிக்கக்கூட இல்லை. வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்!

"ஒருவேளை..." அந்தப் பெண் மென்று முழுங்கினாள். "நாளைக்கு அம்மா மட்டும் தனியா இருக்கற நிலைமை வந்தா, அவங்களுக்கு ஒண்ணுமே கிடைக்காது சார்."

"அந்த நிலைமையெல்லாம் வராதும்மா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பிரயோஜனம்? அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ தேவையில்லாமல் தட்ட ஆரம்பித்தாள்.

மெக்கானிக்கின் மனைவி பேனாவை எடுத்தாள்.

"ரெண்டாவதைப் போடும்மா. நான் இருப்பேன்."

"ஏய், என்ன பேசற நீ? உன் மாத்திரைக்கே..."

"ரெண்டாவதுன்னா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா எழுந்து போறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். ரெண்டாவதுக்கே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

"உனக்காகத்தானே சொன்னேன். மாத்திரை விக்கிற விலை தெரியுமா? கால்வாசி குறைஞ்சா மாசக் கடைசியில உனக்கு மருந்து கிடையாது. அப்ப என்ன பண்ணுவே?"

பொய் இல்லை. நியாயம் அவர் பக்கம் இருந்தது, அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். ஊசி போட்ட நாட்களில் அவள் எடுத்த வாந்தியை முகம் சுளிக்காமல் கையில் ஏந்தினவர். அவரை எப்படித் திட்டுவது?

"ஏங்க, மறைக்காம சொல்லுங்க. நான் இல்லாத வீட்டை நெனச்சுப் பாத்திருக்கீங்களா?"

சேச்சே என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய்யே தெரியாத ஆளா அவர்? இன்றைக்கென்று பார்த்து நாக்கு புரளவில்லை.

"தெனமும்," என்றார். "எங்க சாப்பிடறது, யார்கிட்ட பேசறதுன்னு. பையன் வீட்டு மாடி ரூமைக்கூடக் கேட்டு வச்சிட்டேன். சின்ன ரூம். ஒரு கட்டில்தான் போட முடியும்." நடுத்தெருவில் நின்று தேம்பித் தேம்பி அழுதார்.

"அழாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க," என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள் அவள். தன் சாவுக்குத் தானே துக்கம் விசாரிக்க நேர்ந்துவிட்டது. பஸ் வரும்வரைக்கும் தடவிக்கொண்டே நின்றாள்.