தேருக்கு முந்தி ஒரு டெராபைட்

லெப்டொப் வாங்க ஹட்டனுக்குப் போனவர்கள் இரண்டே பேர். ஆனால் முடிவெடுக்க அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மூன்று லயத்து வீட்டுச் சனமும் தயாராக இருந்தது. கோயில் மேட்டில் நின்றால்தான் அங்கே போன் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை வேறு. பாதிச் சனம் காலையிலேயே மேட்டில் கூடிவிட்டது.

போனவர்களில் ஒருத்தி ஜீவராணி. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும், பிள்ளைக்காம்பராவில் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். மற்றவர் கோயில் கமிட்டித் தலைவர் செல்லசாமி. பொதுப் பணம் அவர் சட்டையின் உள்பையில் இருந்தது. பஸ் ஒவ்வொரு முறை குலுங்கியபோதும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜீவராணியின் மகள் தனுஜா உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு. அந்தத் தோட்டத்தில் அதுவரை ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. டியூஷனுக்கென்று ஹட்டன் வந்து போனால் பஸ்ஸே பாதி நாளைத் தின்றுவிடும். பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் பாடங்களை வீடியோவாகப் பதிந்து இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் மேட்டில் பேசத்தான் முடியும், வீடியோ இறங்காது. ஹட்டனில் இறக்கி மெஷினுக்குள் போட்டுத்தான் மேலே கொண்டுபோக வேண்டும். கோயில் மண்டபத்தில் வைக்கப் பொதுவாக ஒரு லெப்டொப் என்ற பேச்சு அப்படித்தான் வந்தது. மகளுடைய பாடம் அத்தனையும் அதற்குள் கொள்ள வேண்டும். ஜீவராணியின் கவலை அது ஒன்றுதான்.

கடைக்காரன் கஜதீபன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பொய் சொல்லி விற்கத் தெரியாதவன், எப்படிப் பிழைக்கிறானோ.

"அக்கா, இந்தச் சின்னன் கெமிஸ்ட்ரி மட்டும்தான் கொள்ளும். மற்றப் பாடம் போடுறதெண்டா அதை அழிக்கவேணும். ஒரு டெராபைட் போட்டு வாற பெரிசும் இருக்கு. ஆனா அந்த வித்தியாசத்துக்கு கொம்பனிக்காரர் எடுக்கிற காசு சரியான அநியாயம். சின்னனை வாங்கிப் பிறகு நாங்கள் டிஸ்க்கைத் தனியாப் போட்டா அரைவாசிக் காசுதான் முடியும்."

"அப்ப இப்பவே போட்டுக் குடுங்க தம்பி."

"கைவசம் இல்லை அக்கா. கொழும்பிலயிருந்து வரவேணும்."

செல்லசாமியின் முகம் மலர்ந்தது. சின்னதை வாங்கினால் மிச்சக் காசில் தேர்த் திருவிழாவுக்குப் புது ஸ்பீக்கர் எடுக்கலாம். அவர் கனவில் அம்மனைவிட அந்த ஸ்பீக்கர்தான் அடிக்கடி வரும்.

"சின்னதே போதும் ஜீவா. மத்தத பெறகு போட்டுக்கலாம்."

ஜீவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர்க் குழாய் பிறகு. கூரைக்குத் தகரம் பிறகு. லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு, அதுவும் பிறகு. தோட்டத்துத் துரை சொல்லியும் வோட்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் சொல்லியும் கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. மகள் பரீட்சை எழுதி முடித்த பிறகு மெஷினில் இடம் வந்து என்ன பிரயோசனம்?

"பெறகுன்னு சொன்னது எதுண்ணே நம்ம தோட்டத்துக்கு வந்து சேந்துருக்கு? காசு போனா போகட்டும், பெருசையே வாங்குவோம்."

"நீயும் நானும் முடிவெடுக்க இது நம்ம வீட்டுக் காசா? மேட்டுல கேட்டுருவோம்" என்று செல்லசாமி போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கச் சத்தமாக வைத்தார்.

விஷயத்தைக் கேட்டதும் மேட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரிசு என்றது ஒரு குரல், ஸ்பீக்கர் என்றது ஒரு குரல், வரும்போது பேக்கரியில் பாண் வாங்கி வரச் சொன்னது இன்னொன்று. இந்த இரைச்சலுக்குள் கஜதீபன் ஒரு மெஷினைக் கவிழ்த்து, ஆணிகளைக் கழற்றி மூடியை எடுத்தான்.

"இஞ்ச பாருங்கோ அக்கா. இன்னொரு டிஸ்க் பூட்டுறதுக்கெண்டே இடம் விட்டிருக்கு. எல்லா மொடலிலயும் இப்பிடி இராது. இதில இருக்கு."

ஜீவராணி குனிந்து பார்த்தாள். விரல் நீளத்துக்கு ஓர் இடம் வெறுமையாகத்தான் கிடந்தது. அவள் கோபம் பாதியாய் இறங்கியது. இந்தப் பிறகுக்கு எந்தத் துரையிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் செல்லசாமியை எப்படி நம்புவது?

அப்போதுதான் வீரம்மாவின் குரல் மேலெழும்பியது. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையையே திணறடிக்கிற வீரம்மா.

"செல்லசாமியண்ணே, நம்ம தோட்டத்துல நாள் தவறாம நடக்குறது எது?"

"தேருதான்."

"அப்ப அதோட சேத்து முடிச்சுப் போடுங்க. சின்னதயே வாங்குங்க. திருவிழாவுக்குக் காப்பு கட்டுறதுக்குள்ள மத்த சாமான் வந்து பூட்டியாகணும். வரலேன்னா ஸ்பீக்கரு கெடையாது. அம்மன் மேல சத்தியம் பண்ணிட்டு பஸ் ஏறுங்க."

மேடே சிரித்தது. செல்லசாமிக்கு வேறு வழியில்லை. கடையில் மாட்டியிருந்த சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். தான் கேட்டது கிடைக்காமலே இவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பியது ஜீவராணிக்கு அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு கஜதீபனுக்கு நிம்மதி போயிற்று. செல்லசாமி தினமும் மேடேறி அவனுக்குப் போன் போட்டார். அவர் பெயரைப் பார்த்ததும் ஹலோவுக்குப் பதில், "அண்ணை, இன்னும் வரேல்லை" என்றே சொல்லப் பழகிவிட்டான். மண்டபத்தில் தனுஜா கெமிஸ்ட்ரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் நெருங்க நெருங்க ஜீவராணிக்குச் சோறு இறங்கவில்லை.

காப்புக் கட்டுக்கு முதல் நாள் சாயந்திரம் பஸ் கொண்டக்டர் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். கஜதீபன் உள்ளே இருந்த டிஸ்க்கில் எல்லாப் பாடங்களையும் ஏற்றியே அனுப்பியிருந்தான்.

அன்று ராத்திரி மண்டபத்தில் நிற்க இடமில்லை. வாசலில் தப்பு மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பூசை முடிந்து செல்லசாமி லெப்டொப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்தார், திரைக்கு மேலே சரியாக நடுவில்.

"அண்ணே, அது கெமரா" என்றாள் ஜீவராணி.

"நெத்தின்னுல நெனச்சேன்" என்று அவரே துண்டால் துடைத்தார்.

கஜதீபன் போனில் சொல்லச் சொல்ல, ஆணி கழற்றி, டிஸ்க்கைப் பொருத்தி, மூடியை மூடியவள் ஜீவராணிதான். திரை ஒளிர்ந்ததும் தனுஜா எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லா பாடமும் இருக்கும்மா. எதையும் அழிக்க வேணாம்" என்றாள். மண்டபம் கைதட்டியது. ஜீவராணி எல்லார் முன்னாலும் மகளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள்.

அவ்வளவு பேரும் தலைக்குமேல் எட்டிப் பார்த்தபடியே நின்றார்கள். தனுஜா மெதுவாக, "அம்மா, எல்லாரையும் வெளிய போகச் சொல்லுறீங்களா? நான் பிசிக்ஸ் பாக்கணும்" என்றாள்.

முதலில் நகர்ந்தவர் செல்லசாமி. வாசலுக்குப் போய் இரண்டு கையையும் உயர்த்தினார்.

"தப்ப நிறுத்துங்கப்பா. புள்ள படிக்குது."