ஐந்தின் மேல் ஒரு புள்ளி

பௌர்ணமிக்கு மறுநாள் பகலில் அடி அண்ணாமலையில் தொண்டை கிழியக் கத்தினாலும் ஏனென்று கேட்க நாதி இருக்காது. விடிய விடியக் கிரிவலக் கூட்டத்துக்கு டீயும் சுண்டலும் விற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். அன்று திறந்திருந்தது பலராமனின் எஸ்.டி.டி. பூத் மட்டும்தான்.

பிறவியிலேயே பார்வை இல்லாத அவன் போன மாதம் வரை அந்த பூத்தை ராஜா மாதிரி நடத்தினான். பழைய மீட்டரில் பட்டன்கள் துருத்திக்கொண்டிருக்கும், அமுக்கினால் கீச்சென்று சத்தம் வரும். மீட்டர் கம்பெனி ஏஜெண்ட் ராமதாஸ் அதைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை வைத்தான். "ஒண்ணும் கஷ்டமில்லீங்க, பார்த்தாலே தெரியும்" என்றான், யாரிடம் சொல்கிறோம் என்ற சுரணையே இல்லாமல். இப்போது மவுஸை நகர்த்தி, திரையில் ஒரு கட்டத்தின் மேல் அம்புக்குறியை நிறுத்தி அமுக்கினால்தான் போனுக்கு லைன் திறக்கும். அதற்காக எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவி சரோஜா வந்து உட்கார வேண்டியதாயிற்று. பலராமன் சொந்தக் கடையில் விருந்தாளியானான்.

"ஏங்க, கண்ணு மங்கலா தெரியுது. தலைவலி வேற ஜாஸ்தியா இருக்கு."

அவன் தண்ணீர்ச் செம்பை எடுப்பதற்குள் நாற்காலி சாய்ந்து விழுந்தது. ஓடிப்போய்த் தடவினான். சரோஜா தரையில் கிடந்தாள். உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. பல் கிட்டியிருந்தது.

"சரோஜா! ஏய், சரோஜா!"

வாசலுக்கு வந்து, "யாராவது வாங்களேன்!" என்று அலறினான். ஒரு கதவும் திறக்கவில்லை. அவளை விட்டுவிட்டு ஆள் தேடிப் போகவும் பயம்.

அவளுக்கு மாதாமாதம் பார்க்கிற ஆஸ்பத்திரியின் நம்பர் அவனுக்கு மனப்பாடம். ரிசீவரை எடுத்தான். ஊமையாக இருந்தது. மவுஸை இந்தப் பக்கம் தள்ளினான், அந்தப் பக்கம் தள்ளினான், அமுக்கினான். அம்பு எந்த மூலையில் முட்டிக்கொண்டு நிற்கிறதோ, சாமிக்குத்தான் வெளிச்சம். ஒரு சத்தமில்லை, விரலுக்குத் தட்டுப்பட ஒரு மேடில்லை. கீழே கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று நின்றது.

"அண்ணாமலையாரே, ரெண்டு உசுருப்பா!"

குனிந்தபோது கையில் வயர் சிக்கியது. சுவரிலிருந்து வந்த அந்த வயர் கம்ப்யூட்டருக்குள் போய், அங்கிருந்துதான் இன்னொரு வயர் போனுக்கு வந்தது. இரண்டையும் பிடுங்கினான். சுவர் வயரின் முனையைப் போனின் பின்னால் தடவிச் செருகினான். ரிசீவரில் கொய்யென்று சத்தம் கேட்டது. கட்டைவிரல் ஐந்தாம் பட்டனின் மேல் மேடாக இருந்த புள்ளியைத் தேடிப் பிடித்தது. அதிலிருந்து மற்ற எண்கள் தானாக வந்தன.

"அடி அண்ணாமலை பூத்து பலராமன்ங்க. எம்பொண்டாட்டி சரோஜாவுக்கு வலிப்பு வந்துட்ச்சுங்க. எட்டு மாசம். வண்டி அனுப்புங்க!"

"ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வண்டி இதோ கெளம்புது" என்றாள் நர்ஸ்.

அவளைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு மூக்கருகே கையை வைத்தான். சூடாக மூச்சுப் பட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவன் செத்துச் செத்துப் பிழைத்தான், வண்டிச் சத்தம் கேட்கும் வரை.

ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இரண்டு உயிரும் தப்பின. மறுநாள் சரோஜா கண் விழித்து முதலில் குழந்தையைக் கேட்டாள். அப்புறம், "லைன எப்பிடிங்க தெறந்தீங்க?" என்றாள்.

"கம்ப்யூட்டர் வயர புடுங்கிட்டேன்."

"அய்யய்யோ, ராமதாஸ் வந்து கத்துவாரே."

"வரட்டும். கண்ண மூடிக்கினு அதுல ஒரே ஒரு போன் போட்டுக் காட்டச் சொல்றேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவள் மூக்கருகே மறுபடியும் கையைக் கொண்டுபோய் மூச்சைப் பார்த்தான். சரோஜா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.