முக்கால் சுரம் இறங்கிய வீடு

அவள் உட்கார்ந்திருப்பது என் போர்வையின் மேல், என்று ஸக்கியா நினைத்தாள். பதினோரு மாதங்களில் அவளுக்குள் முழுசாக உருவான முதல் நினைப்பு அது. கட்டிலின் ஓரத்தில் துர்ரா என்ற பாடகி மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். திறந்திருந்த கதவுக்கு வெளியே, சந்தில் நின்று ஸக்கியாவின் கணவன் மெஹ்ரஸ் இன்னொரு மைக்கில் பாடினான். ஸக்கியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அசைய வேண்டாம், கட்டில் கிறீச்சிட்டால் டேப்பில் விழும் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

கடலோர ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பழைய கோட்டைச் சுவருக்குள் இருந்த அந்த ஓரறை வீட்டில், முந்தைய நோன்பு மாதத்திலிருந்து எல்லா ஓசையும் முக்கால் சுரம் இறங்கித்தான் கேட்டது. பழந்துணி வாங்குகிறவன் சந்தில் கூவும்போது அது சாதாரணக் கூவல்தான். வாசற்படி தாண்டியதும், யாரும் எதையும் தரப்போவதில்லை என்று தெரிந்தவனின் குரலாகிவிடும். அடுப்பில் கெட்டிலின் விசில் முனகும். பக்கத்து வீட்டு ஷத்லியா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தால் சிரிப்பின் வால் பெருமூச்சாகிவிடுவதால், அவள் வெளியிலேயே நின்று சிரித்து முடித்துவிட்டுத்தான் படியேறுவாள். கண்ணேறு கழியட்டும் என்று வாசல் நிலையில் காய்ந்த மீன்வால் ஒன்றை அவள் ஆணியடித்து வைத்தாள். ஆணியடித்த சத்தம் வெளியே ஒரு மாதிரியும் உள்ளே ஒரு மாதிரியும் கேட்டது. ஸக்கியாவுக்கு யாரும் இறந்துபோகவில்லை. குழந்தை தவறவில்லை. கணவன் கை நீட்டியதில்லை. நோன்பின் ஒன்பதாம் நாள் படுத்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். காரணம் ஒன்று இருந்திருந்தால் சந்தே அவளுக்காக அழுதிருக்கும்.

"உனக்கு என்னதான்டி குறை?" என்று ஷத்லியா கேட்டாள். "என் வீட்டுக்காரன ஒரு வாரம் இங்க அனுப்பட்டுமா? படுக்கறதுக்குக் காரணம்னா என்னன்னு அப்ப தெரியும் உனக்கு."

மெஹ்ரஸ் கல்யாண வீடுகளில் ஊத் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கிறவன். சந்தில் சுருதி சேர்த்த ஊத் வீட்டுக்குள் வந்ததும் இறங்கிப்போவதை முதலில் கண்டுகொண்டவன் அவன்தான். முறுக்கி முறுக்கி இரண்டு தந்திகள் அறுந்த பிறகு விட்டுவிட்டான். தினமும் காலையில் சந்திலிருந்து "போயிட்டு வரேன் ஸக்கியா" என்பான். உள்ளிருந்து அவள் "போயிட்டு வா" என்பாள். அதே ராகத்தில்தான், ஆனால் முக்கால் சுரம் கீழே, அரைத் தாளம் பிந்தி. ஒரு நாள் அதைச் சொல்லிவிட்டு அவள் காது கொடுத்தாள். அவனுடைய செருப்புச் சத்தம் நின்றது, திரும்பியது, வேகமாக உள்ளே வந்தது. தன்னிடம்தான் வருகிறான் என்று நினைத்தாள். அவன் நோட்டுப்புத்தகத்துக்காக வந்திருந்தான்.

அப்படித்தான் அந்தப் பாட்டு உருவானது. ஆண் ஒரு வரியைப் பாடுவான். அதே வரியைப் பெண் முக்கால் சுரம் கீழே, அரைத் தாளம் தாமதமாக, பதில் சொல்வதற்குக்கூடத் தெம்பில்லாதவள்போல் பாடுவாள். தாளக்கட்டில் மூன்றாவது அடி மட்டும் விழாது. கேட்கிறவர்களின் கால் அந்த இடத்தில் படி இருப்பதாக நினைத்து வெறும் காற்றில் இறங்கும். கடைசிச் சரணத்தில் அவன் அவளை எட்டிப்பிடிக்கக் குரலை இறக்குவான். அதற்குள் அவள் இன்னும் கீழே போயிருப்பாள். புறப்பட்ட சுரத்துக்குத் திரும்பி வந்து முடிவதுதான் அந்த ஊர்ப் பாட்டுகளின் வழக்கம். இது வரவில்லை. ஒரு சுரம் மிச்சமிருக்கும்போதே நின்றது. ஸ்டூடியோவில் எத்தனை முறை பாடியும் துர்ராவின் குரல் வெயிலில் காயும் துணிபோலப் பளிச்சென்றே இருந்தது. அதனால்தான் மைக்கையும் டேப்பையும் தூக்கிக்கொண்டு ஸக்கியாவின் கட்டிலுக்கு வந்தார்கள்.

பதிவு மூன்று நாள் நடந்தது. மூன்றாம் நாள், துர்ரா குரலை இறக்கும்போதெல்லாம் சந்திலிருந்து மெஹ்ரஸ் அவளையே பார்ப்பது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளுக்கு அவன் குரல் வந்த திசையிலிருந்தே தெரிந்தது. பதினோரு மாதம் அவன் அந்த வாசலில் அப்படி நின்றதில்லை. மறுநாள் காலை கெட்டிலின் விசில் கால் சுரம் ஏறியிருந்தது. வந்து பார்த்த மருத்துவராலும் மீன்வாலாலும் முடியாததைப் பொறாமை செய்தது. ஸக்கியா எழுந்தாள், தலைக்குக் குளித்தாள், முதல் வேலையாகப் போர்வையை வெந்நீரில் ஊறவைத்தாள். கோடை முடிவதற்குள் வீடு சரியான சுருதிக்கு வந்துவிட்டது. ஷத்லியா வாசலில் சிரிக்க ஆரம்பித்துச் சமையலிடத்தில் முடித்தாள்.

பாட்டு மூன்று வருடம் ஓடியது. வாடகைக் கார்களில் ஓடியது, முடிதிருத்தும் கடைகளில் ஓடியது, மாப்பிள்ளையும் பெண்ணும் பெரிய மீனைத் தாண்டும் சடங்கு முடிந்த கையோடு கல்யாண வீடுகளில் ஓடியது. பெண்கள் துர்ராவின் கையை முத்தமிட்டு, எங்கள் மனசு உனக்கு மட்டும்தான் தெரியும் என்றார்கள். பொதுக் குளியலறையில் ஒருத்தி முதுகு தேய்த்துக்கொண்டே, "பாவம் அந்தப் பொண்ணு, என்ன பாடு பட்டிருந்தா இப்படிப் பாடுவா" என்றாள்.

"நல்லா சாப்பிட்டுட்டுத்தான் பாடினா" என்றாள் ஸக்கியா. "என் வீட்டுப் பாதாம் பலகாரம் ஆறு."

யாரும் நம்பவில்லை. பொறாமை பிடித்தவள் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் பொறாமை கணவனைப் பற்றியது என்றுதான் அவளும் வெகுநாள் நினைத்திருந்தாள். மெஹ்ரஸ் தினமும் வீட்டுக்கு வந்தான், அவள் பக்கத்தில் தூங்கினான். அப்படியும் அது குறையவில்லை. அந்த ஆழத்துக்குத் தனியாகப் போய், துணைக்கு ஆளில்லாமல் கிடந்தவள் அவள். ஓரத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தவளுக்கு அந்த இடத்தின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், யாரும் இல்லாதபோது, ஸக்கியா சுவரைப் பார்த்துப் படுத்து ஒரு கரண்டியைத் தரையில் போட்டாள். சத்தம் மயிரிழை இறங்கிக் கேட்டது. சட்டென்று எழுந்துகொண்டாள். ஆனால் வழி இன்னும் திறந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அடுத்த கேசட்டுக்கு மெஹ்ரஸும் துர்ராவும் இரண்டு முறை முயன்றார்கள். இரண்டும் பளிச்சென்று வந்தன. ஜூலை மாதத்தில் ஒரு காலை, டேப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு இருவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"பத்தே நாள், ஸக்கியா" என்றான் மெஹ்ரஸ். "முன்ன மாதிரி சும்மா படுத்துக்க. சமையல நான் பாத்துக்கறேன்."

"நீ சமைச்சா நான் எழுந்திருக்கவே மாட்டேன்" என்றாள் ஸக்கியா.

துர்ரா சிரிக்கவில்லை. "அக்கா, எனக்கு அந்த இடம் வர மாட்டேங்குது" என்றாள். "அது என்னோடது இல்ல. உங்களோடதுதான். எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லிடறேன்."

மூன்று வருடமாக ஸக்கியா கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. கேட்டதும் அவளுக்குள் பழைய ஆசை வாயைத் திறந்தது. படுத்தால் போதும், எல்லாம் அவளுடையது. இவன் தினமும் அந்த வாசலில் நின்று காது கொடுப்பான். கட்டில் நாலு எட்டில் இருந்தது. ஆனால் அதன் மேல் பலகை மட்டும்தான் இருந்தது.

"மெத்தையப் பிரிச்சிட்டேன்" என்றாள். "உள்ள அடைச்சிருந்த கம்பளி ரோமத்த நேத்துக் கடல்ல அலசி மாடில காயப்போட்டிருக்கேன்."

"பாய விரிச்சுப் படுத்துக்கலாமே" என்றான் மெஹ்ரஸ்.

"வேண்டாம்" என்றாள் ஸக்கியா.

அந்தச் சொல் முக்கால் சுரம் கீழே, அரைத் தாளம் பிந்தி வந்து விழுந்தது. மெஹ்ரஸும் துர்ராவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்பில் கெட்டில் அதன் சொந்தச் சுருதியில் கூவியது. ஜன்னல் வழியாக வந்த ஷத்லியாவின் ஏச்சும் முழுசாக வந்தது. ஸக்கியா ஆச்சரியப்படவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அதுதான் சுருதி என்று அவளுக்குப் பட்டது.

"இன்னொரு தடவ சொல்லு" என்றான் மெஹ்ரஸ். பைக்குள் கைவிட்டு டேப்பின் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான். "அதையே. ஒரே ஒரு தடவ."

ஸக்கியா கெட்டிலை இறக்கி, இரண்டு தம்ளர்களில் புதினாத் தேநீர் ஊற்றி அவர்கள் முன் வைத்துவிட்டு, கம்பளியைத் திருப்பிப் போட மாடிக்குப் போனாள்.