கூடுதலாக ஒரு கரண்டி

பாப்பா பிறந்த இருபத்திரண்டாம் நாள் பால்பவுடர் டப்பா வாங்கி வந்தது நான்தான். 2006, ஏப்ரல் கடைசி. பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம்; தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன்.

தாய்ப்பால் குடித்த பாப்பா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்தாள். என் மனைவி தேவிப்பிரியாவுக்கு ஆபரேஷன் தையல் இன்னும் வலித்தது. பால் கொடுக்கும்போதே தலை சாய்ந்துவிடுவாள். ஒரே அறை, அவள் எழுந்தால் நானும் எழுவேன். ஒருநாள் மிஷினில் கண் சொருகி, விரலில் ஊசி இறங்கியது. பக்கத்து மிஷின் கன்னையன் ஊசியைப் பிடுங்கிவிட்டுச் சொன்னான்:

"ஏனுங்க சிவராஜு, பனியனுக்குக் கை தைக்கச் சொன்னா உங்க கையவே தைக்கறீங்க."

அன்று மாலை டப்பாவோடு வீட்டுக்குப் போனேன்.

"பால் வருதுங்களே, இதெதுக்குங்க?" என்றாள் பிரியா.

"நீ கொஞ்சம் தூங்கோணுமல்லொ."

பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள் அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார்: "கெட்டியாப் போடு கண்ணு. வயிறு நெறஞ்சா அது ஏன் முழிக்குது?"

வேலைக்குக் கிளம்பும் முன் பாட்டில்களில் பவுடரை நானே போட்டு வைப்பேன். டப்பாவில் எழுதியிருந்த அளவுக்கு மேல் ஒரு கரண்டி சேர்த்தேன். பிரியாவிடம் சொல்லவில்லை. பாப்பா நாலு மணி நேரம் தூங்கினாள். பிறகு ஐந்து.

ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும் நல்ல தண்ணீர் அந்த முறை வரவில்லை. போரிங்கில் வரும் உப்புத் தண்ணீரைப் பிரியா காய்ச்சி ஆற்றி ஊற்றினாள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று இருவருமே நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தகரக் கூரை கொதித்தது. பாப்பா தொட்டிலில் அசையவில்லை.

"எத்தன சமத்துப் பாருங்க," என்று பிரியா சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். இருவரும் பாயில் படுத்தோம், நன்றாகத் தூங்கினோம்.

நான் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. பாப்பா விழிக்கவில்லை. உடம்பு அனலாகச் சுட்டது, உதடு காய்ந்திருந்தது.

"ரத்தத்துல உப்பு ரொம்ப ஏறியிருக்கு," என்றார் டாக்டர். "என்ன தண்ணி ஊத்துனீங்க? எத்தன கரண்டி போட்டீங்க?"

"உப்புத்தண்ணிங்க. நாந்தானுங்க காய்ச்சி ஊத்துனேன்," என்றாள் பிரியா.

"டப்பாவுல இருக்கற அளவுதானுங்க," என்றேன் நான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பாப்பா இறந்தாள். இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை.

பிரியாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. பாத்ரூமில் பிழிந்துவிட்டு வந்து, "நான் ஊத்துன தண்ணிதான் கொன்னு போட்டுது," என்பாள். நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

இரண்டு வருடம் கழித்துத் தரணி பிறந்தான். அவனுக்குத் தாய்ப்பால் மட்டும்தான். அவன் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினால் பிரியா பாதத்தைச் சுண்டி எழுப்பிவிடுவாள். அவன் அழுத பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். ஒருநாள் காலை அப்படிச் சுண்டப் போன கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு ஒரு கரண்டி கூடப் போட்டது நான்தான் பிரியா. தினமும் போட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"பாட்டில் கழுவுனது நானுங்க. அடியில மாவாட்டம் ஒட்டியிருக்கும்."

"அப்பவே கேட்டிருக்கலாமல்லொ?"

"எனக்குந் தூக்கம் வேண்டியிருந்துதுங்க."

கையை விடுவித்துக்கொண்டு தரணியின் பாதத்தைச் சுண்டினாள். அவன் அழுதான்.